பொரிப்பகக் கணக்கில் வராதவை

அமெரிக்காவின் விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களில் ஏரிகளை மூடியிருக்கும் பனிக்கட்டி வசந்தகாலத்தில் உருகுகிறது. அதையடுத்த சில வாரங்களில் அம்மாநிலங்களின் இயற்கை வளத் துறையினர் ஆழம் குறைந்த ஏரிக் குடாக்களில் வலை கட்டுகின்றனர். அவர்கள் தேடுவது, மஸ்கி என்று சுருக்கமாக அழைக்கப்படும் மஸ்கெலஞ்ச் மீனை. ஒரு மீட்டர் நீளத்தை எளிதில் தாண்டும் நன்னீர் வேட்டை மீன் இது. அரிதாக 20 கிலோவுக்கும் மேல் வளரும். 1955 முதல் விஸ்கான்சினின் மாநில மீனும் இதுவே.

வலைக்குள் வந்த மீன் உயிருடன் எடுக்கப்படுகிறது. சினை முற்றிய பெண் மீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டைகளைப் பாத்திரத்தில் சேர்க்கின்றனர். ஆண் மீன்களின் விந்துநீரை அதனுடன் கலந்து பொரிப்பகத்துக்கு அனுப்புகின்றனர். அளவெடுத்த பின் தாய்மீன்கள் அதே ஏரியில் விடப்படுகின்றன. பொரித்த குஞ்சுகள், சிறு மீன்களைத் தின்று ஒரு சாணுக்கு மேல் வளர்ந்ததும், இலையுதிர்காலத்தில் பல ஏரிகளில் இருப்பு செய்யப்படுகின்றன.

ஊழியர் ஒருவர் இரு கைகளாலும் தாங்கிப் பிடித்திருக்கும் பிரம்மாண்டமான தாய்மீனின் படம் வெளியாகும்போது இரண்டு குரல்களைக் கேட்கலாம். முட்டையிட வந்த பெரிய மீனை இப்படி வதைக்கலாமா என்பது ஒன்று. இவ்வளவு பெரிய மீனின் குஞ்சுகளும் பெரிதாகத்தானே வளரும், இன்னும் அதிகமாக விட்டால் என்ன என்பது மற்றொன்று. மகள் குடும்பத்துடன் தங்குவதற்காக மினசோட்டா சென்றுவரும் எனக்கு இரண்டும் பழகிப்போனவை. இயற்கை வளப் பொருளியலை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில், இரண்டுமே முக்கியமான கேள்வியைத் தவறவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது. தானாக இனம் பெருக்கிக்கொள்ள வேண்டிய மீனுக்குப் பொரிப்பகம் ஏன் தேவைப்படுகிறது?

கனடியப் பொருளியலாளர் ஸ்காட் கோர்டன் 1954-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைப் பொருளியல் மாணவர்கள் அறிவர். பொதுவளமான மீன்வளத்தை யாருக்கும் தடையின்றித் திறந்துவிட்டால், அது தரவேண்டிய உபரி வருமானம் முழுவதும் போட்டியில் கரைந்துபோகும் என்று அவர் விளக்கினார். மஸ்கியைப் பொறுத்தவரை அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது என்பதே வியப்பு. தூண்டில் போட உரிமம் வேண்டும். மினசோட்டாவில் 2015 முதல், மாநிலத்தின் பெரும்பாலான ஏரிகளில் 54 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 137 சென்டிமீட்டருக்குக் குறைவான மஸ்கியை எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. சட்டத்தைவிட வலுவானது வழக்கம். 1966-இல் தொடங்கப்பட்ட மஸ்கீஸ் இன்க் என்ற தூண்டில்காரர் அமைப்பு, பிடித்த மீனைத் திரும்ப விடுவதை ஒரு கௌரவமாகவே மாற்றிவிட்டது. மஸ்கியைத் தேடிச் செல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்று அதைத் தின்பதற்காகச் செல்வதில்லை.

ஆகவே இப்போதைய முதன்மைப் பிரச்னை மிகைப்பிடிப்பு அன்று, பிறப்பு. மஸ்கி கூடு கட்டுவதில்லை, முட்டையைக் காப்பதுமில்லை. கரையோரத் தாவரங்களின் மீதும் மக்கிய மரக்கிளைகளின் மீதும் முட்டைகளைச் சிதறிவிட்டுப் போய்விடும். ஒரு பெரிய தாய்மீன் லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். ஆனால் அவை விழும் அடித்தளத்தில் பிராணவாயு இருக்க வேண்டும். சேறும் அழுகிய கழிவும் படிந்த தரையில் முட்டைகள் மூச்சுமுட்டி இறக்கின்றன. இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக் டோம்பெக். பின்னாளில் அமெரிக்க வனப் பணித்துறையின் தலைவராக இருந்தவர். தப்பிப் பிழைக்கும் குஞ்சுகளுக்கும் ஆபத்து உண்டு. மஸ்கியின் நெருங்கிய உறவான வடக்குப் பைக் மீன் முன்னதாகவே முட்டையிட்டுவிடுவதால், அதன் குஞ்சுகள் அளவில் முந்திக்கொண்டு மஸ்கிக் குஞ்சுகளையே இரையாக்குகின்றன.

இனி ஏரிக்கரையைப் பாருங்கள். நீர் விளிம்புவரை வெட்டிச் சீராக்கிய புல்வெளி, படகு கட்டும் மரமேடை, குளிப்பதற்காகக் களைந்தெறியப்பட்ட நீர்த்தாவரம், அகற்றப்பட்ட விழுந்த மரங்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் மனைக்கு எதிரே சில மீட்டர் நீளத்தை மட்டுமே சுத்தம் செய்கிறார். அத்தனை பேரும் சுத்தம் செய்தபின் மீன் முட்டையிட இடமில்லை. அழிந்த முட்டையிடு தளத்துக்கு எந்த ஏட்டிலும் விலை இல்லை. பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுக்கு உண்டு. ஆகவே குஞ்சு விடுவது செலவாகவும் சாதனையாகவும் பதிவாகிறது. கரையை இழந்தது பதிவாவதே இல்லை.

மிச்சிகன் ஏரியின் கிளையான கிரீன் பே விரிகுடாவில் இந்தக் கணக்கு கண்கூடாகத் தெரிகிறது. மாசும் வாழிட அழிவும் மிகைப்பிடிப்பும் சேர்ந்து அங்கிருந்த புள்ளி மஸ்கி இனத்தை அற்றுப்போகச் செய்தன. 1989-இல் விஸ்கான்சின் அரசு மறுபடி குஞ்சுகளை விடத் தொடங்கியது. இன்று பெரிய மஸ்கியைப் பிடிக்கப் பல ஊர்களிலிருந்தும் தூண்டில்காரர்கள் அங்கே வருகின்றனர். ஆனால் அம்மீன்கள் அங்கே தாமாக இனம் பெருக்குவது இன்னும் சொற்பமே. 2005-க்குப் பிறகு பேரேரிகளில் மீன்களின் ரத்தக்கசிவு நோய்க் கிருமி பரவியபோது, வெளியிலிருந்து முட்டை கொண்டுவருவதே தடைப்பட்டது. குழாயை நம்பி வாழும் ஊரில் குழாய் அடைபட்டால் என்ன ஆகுமோ அதுதான் அங்கும்.

தாய்மீனை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். வலையில் வந்த பெரிய மீனின் படத்தைப் பார்ப்பவர்கள், துறையினர் பெரிய மீன்களையே பொறுக்கி எடுப்பதாக எண்ணுகின்றனர். அப்படிச் செய்வதுதான் ஆபத்து. மீனின் அளவை வயது, பால், இரை, நீர், மரபு ஆகிய எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பெண் மஸ்கி ஆணைவிட இயல்பாகவே பெரிதாக வளரும். சில பேருருவ மீன்களை மட்டுமே பெற்றோராகக் கொண்டால் பல ஏரிகளின் மரபு வளம் குறுகிவிடும். எனவேதான் நல்ல திட்டங்களில் பல பெண் மீன்கள், பல ஆண் மீன்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறும் தாய்மீன் ஏரிகள் என்று பரவலாகச் சேகரிக்கின்றனர். படத்துக்கு அழகான மீனைவிட, படத்தில் வராத நடுத்தர மீன்கள் பலவும் சேர்ந்திருப்பதே முக்கியம்.

இந்தப் பாடத்தை மினசோட்டா அதிக விலை கொடுத்துக் கற்றது. 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம்வரை அம்மாநிலம் பெரும்பாலும் ஷூபேக் என்ற ஒரு சிறிய ஏரியின் மஸ்கியிலிருந்தே முட்டை எடுத்தது. இன்று வாயேஜர்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஏரி அது. அங்கே மஸ்கி நெருக்கமாக வாழ்ந்தது. வலையில் எளிதாகக் கிடைத்தது. ஆனால் அது மெதுவாக வளர்ந்து, சிறிய உருவத்திலேயே நின்றுவிடும் இனம். பின்னர் பல ஏரிகளின் இனங்களை ஒரே நீரில் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மிசிசிப்பி ஆற்றுத் தொகுதியைச் சேர்ந்த லீச் ஏரியின் மஸ்கி மிகப் பெரிதாக வளர்வது தெரிந்தது. உடனே அரசு அந்த இனத்துக்கு மாறியது. இன்று மினசோட்டாவின் பெரிய மஸ்கிகளுக்குக் கிடைத்திருக்கும் புகழின் பெரும்பகுதி அந்த மாற்றத்தின் பயன். அதுவரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் குஞ்சு எண்ணிக்கையும் இலக்கும் அறிக்கையும் இருந்தன; எந்த மீனை விடுகிறோம் என்ற கேள்வி மட்டும் இல்லை.

இதைக் கண்ட விஸ்கான்சின் தூண்டில்காரர்களில் ஒரு பகுதியினர், தங்கள் மாநிலத்துக்கும் லீச் ஏரி மீன் வேண்டும் என்று 2000-களின் நடுவில் குரல் எழுப்பினர். அரசு பெரும்பாலும் இணங்கவில்லை. அந்தந்த நீர்த்தொகுதியின் சொந்த இனத்தையே விடுவது என்ற நிலையை எடுத்தது. வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுக்காத அந்த முடிவு சரி என்பதே என் கருத்து. ஓரிடத்தில் பெரிதாக வளர்ந்தது இன்னோரிடத்திலும் அப்படியே வளரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சொந்த இனத்துடன் கலந்தபின் அதைப் பிரித்தெடுக்கவும் வழியில்லை.

வாடிக்கையாளர் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். அமெரிக்காவில் 1950-ஆம் ஆண்டின் டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி, தூண்டில் கருவிகளின் மீது மத்திய அரசு வரி விதிக்கிறது. அந்தப் பணம் மாநிலத்தின் பரப்பளவையும் உரிமம் பெற்ற தூண்டில்காரர்களின் எண்ணிக்கையையும் கொண்டு பகிரப்படுகிறது. பயன்பெறுபவரே செலவை ஏற்கும் நேர்மையான ஏற்பாடு. ஆனால் பணம் தருபவரின் குரலே துறையின் காதில் உரக்க விழும் என்பதும் உண்மை.

ஏரிக்கு வேறு உரிமையாளர்களும் உண்டு. 2010-களின் நடுவில் மினசோட்டா அரசு மேலும் சில ஏரிகளில் மஸ்கியை விட முன்மொழிந்தபோது, கரையோர வீட்டுக்காரர்களின் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அவர்கள் விரும்பி உண்ணும் வால்ஐ மீனை மஸ்கி தின்றுவிடும் என்பது அவர்களின் அச்சம். மஸ்கி விடப்பட்ட 41 ஏரிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, பிற மீன்கள் பொதுவாகக் குறைந்ததற்குச் சான்று இல்லை என்று கூறியிருந்தது. எதிர்ப்பு அதனால் அடங்கவில்லை. தடை கோரும் மசோதாக்கள் சட்டமன்றம் வரை சென்றன. முட்டையிடு தளங்களை இழந்ததில் கரையோர மனைகளுக்கும் பங்குண்டு என்பதை அந்த விவாதத்தில் யாரும் அழுத்திப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. இவர்கள் எல்லோருக்கும் முன்பே ஓஜிப்வே பழங்குடியினர் அங்கு இருந்தனர்; மஸ்கெலஞ்ச் என்ற பெயரே அவர்களின் மொழியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 1837-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களுக்கு விட்டுவைத்த மீன்பிடி உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999-இல் உறுதிசெய்தது. குஞ்சு விடும் முடிவில் அவர்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பது சலுகையன்று.

தொலைவில் நடக்கும் இந்த வழக்குக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். ஷூபேக் ஏரியில் நடந்த அதே தவறு, அதைவிடக் கடுமையான விளைவுடன், காவிரியில் நடந்திருக்கிறது.

காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் மட்டுமே உரிய கூன்முதுகு மஹசீர், உலகின் மிகப் பெரிய மஹசீர்களில் ஒன்று. 1946-இல் காவிரித் தொகுதியில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையுள்ள ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. 1970-களில் மஹசீர் குறைந்துவருவதைக் கண்டு, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா நிறுவனம் நடத்திய பொரிப்பகம் குஞ்சுகளை உற்பத்தி செய்தது. காவிரியிலும் அவை விடப்பட்டன. நோக்கம் நல்லது. ஆனால் விடப்பட்டது, கிருஷ்ணா நதித் தொகுதியைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹசீர். தூண்டில் முகாம்களின் 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, பிடிபடும் மஹசீரின் எண்ணிக்கை கூடியிருந்தது, அளவு குறைந்திருந்தது, கூன்முதுகு மஹசீரோ ஏறக்குறைய மறைந்திருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு அது வெற்றி. இன்னும் வேதனையான செய்தி, கூன்முதுகு மீனுக்கு டார் ரமாதேவி என்ற சரியான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதற்கு எஞ்சியுள்ள புகலிடங்களில் நம் மோயாறும் ஒன்று.

இப்போது பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் ஆறுகளில் மீன் குஞ்சுகள் விடப்படுகின்றன. இத்தனை லட்சம் குஞ்சுகள் விடப்பட்டன, முக்கியப் பிரமுகர் தொடங்கிவைத்தார் என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். அவற்றின் தாய்மீன்கள் எந்த ஆற்றில், எத்தனை பிடிக்கப்பட்டன, எத்தனை குஞ்சுகள் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தன என்ற செய்தியை நான் தேடிப் பார்த்தும் கண்டதில்லை. இந்த மூன்று விவரங்களையும் ஒவ்வொரு விடுப்புக்கும் வெளியிட வேண்டும் என்று அரசாணை பிறப்பிக்கப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது.

கூன்முதுகு மஹசீரைக் காக்கவும் பொரிப்பகம் வேண்டும் என்ற யோசனை இன்று இருக்கிறது. அதை எதிர்ப்பதற்கில்லை. ஆனால் விஸ்கான்சினில் ஒரு குடாவில் கட்டிய வலையில் பல மஸ்கிகள் வரும். பார்த்து, அளந்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மோயாற்றில் எஞ்சியிருக்கும் மிகச் சில பெரிய மீன்களிலிருந்தே தாய்மீனைப் பிடிக்க வேண்டியிருக்கும். பிடிபட்ட ஒன்று இறந்தால் அந்த இழப்பை ஈடுகட்ட வேறு ஏரி இல்லை. எனவே வலைக்கு முன்பாக, மோயாற்றில் கோடையில் எவ்வளவு நீர் ஓட வேண்டும், அதன் கூழாங்கல் படுகைகளில் எவையெவை தொடப்படக் கூடாது என்பதை வனத்துறையும் மீன்வளத்துறையும் நீர்வளத்துறையும் மின்வாரியமும் ஒன்றாக அமர்ந்து முடிவுசெய்ய வேண்டும்.