சாட்சிக்கு வந்த சோதனை

மாமல்லபுரத்து ஸ்தலசயனப் பெருமாள் ஆதிசேஷன் மீதன்றி வெறுந்தரையில் பள்ளிகொண்டிருப்பவர். பாற்கடலில் கிடக்கும் பரந்தாமனின் திருவடியில் தாமரை மலர்களைச் சேர்க்கவேண்டிக் கடல்நீரைக் கையால் இறைத்துக்கொண்டிருந்த புண்டரீக மகரிஷியிடம் ஒரு கிழவராக வந்து, பசிக்கு அன்னம் கேட்டு, அவர் அதைக் கொண்டுவருவதற்குள் அந்த மலர்களைச் சூடித் தரையிலேயே சயனித்துவிட்டார் என்பது தலபுராணம். பகவானே சோறு கேட்டதாகச் சொல்லப்படும் அந்தச் சந்நிதியில், 2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அன்னதானப் பந்தியில் தமக்கு இடம் மறுக்கப்பட்டதாகவும், மற்றவர்கள் உண்டபின் மிஞ்சினால் பெற்றுக்கொள்ளச் சொன்னதாகவும் பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் சமூகத்துப் பெண்மணி ஒருவர் முறையிட்டார். அவர் முறையிட்டது தாசில்தாரிடத்திலும் அல்ல, கலெக்டரிடத்திலும் அல்ல; தம் எதிரே நீட்டப்பட்ட ஒரு கைப்பேசியிடம்.

அந்த வீடியோ வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பரவிய வேகம் யாவரும் அறிந்ததே. அக்டோபர் 29-ஆம் தேதி அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலுக்கு வந்து அதே பெண்மணியுடன் பந்தியில் அமர்ந்து உண்டார். நவம்பர் 4-ஆம் தேதி, தீபாவளியன்று, முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு மனைப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார். இதே நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாமென்று லோகூர் கமிட்டி 1965-இல் சிபாரிசு செய்தது என்பதையும், அதற்கான மசோதா மக்களவையில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காகிதத்தின் நடைக்கும் முகத்தின் நடைக்கும் உள்ள தாரதம்மியம் விளங்கும்.

பட்டா, சான்றிதழ் ஆகிய, சர்க்கார் மதிக்கும் காகிதங்கள் கையில் இல்லாத ஜனங்களுக்குத் தங்கள் முகமும் குரலுமே பத்திரம். யாரோ எழுதிக்கொடுத்து ஒப்பித்த வாசகம் அன்று அது என்பது கேட்ட மாத்திரத்தில் புலப்பட்டதனால் அல்லவோ, கோவையிலும் குவைத்திலும் இருந்தவர்கள்கூட அந்தப் பெண்மணியை ஒருபோதும் நேரில் கண்டிராதபோதிலும், அவர் பேச்சைப் பிரத்தியட்ச சாட்சியமாக ஏற்றுக்கொண்டார்கள்!

இன்று அந்தப் பத்திரத்துக்கே போலி தயாரிக்கும் கருவி வந்துவிட்டது. 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில், ஐந்தாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். 'லால் சலாம்' படத்தின் பாடலொன்றில், காலமான பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் மறுபடி பாடினார்கள். அவையெல்லாம் செயற்கை நுண்ணறிவின் வேலை என்பது வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. கேட்டவர்கள் வியந்தார்கள், சிலர் கண்கலங்கினார்கள், அதில் வஞ்சனை ஏதும் இல்லை. ஆனால் அன்று நிபுணர்கள் செய்த காரியத்தை இன்று ஒரு கல்லூரி மாணவன் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி செய்துவிடுகிறான்.

இதனால் ஜனங்கள் பொய்யை நம்பிவிடுவார்களே என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் அச்சம். அதற்குச் செயற்கை நுண்ணறிவு அவசியமே இல்லை. 2018 மே மாதத்தில், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவரைக் குழந்தை கடத்துபவரென்று கருதிக் கூட்டம் அடித்துக் கொன்றதற்குச் சாதாரண வாட்ஸ்அப் வதந்தியே போதுமானதாக இருந்தது. நம்முடைய கவலை வேறு. அடுத்த முறை ஒரு பூஞ்சேரிப் பெண் உண்மையைச் சொல்லும்போது, அதைக் கேட்க விரும்பாதவர்கள் மறுப்புரை எழுதிச் சிரமப்படவேண்டியதில்லை. "இது ஏஐ" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். பெரிய மனிதர்கள் தங்கள் குரல் திருடப்பட்டதென்றால் வக்கீல் வைத்து நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்குவார்கள். கடற்கரையில் பாசிமணி விற்கிறவர், தம் குரல் தம்முடையதுதான் என்று எந்தக் கோர்ட்டில் போய் நிரூபிப்பார்?

செயற்கையாக ஆக்கப்பட்ட படங்களுக்கும் பேச்சுக்கும் அடையாள முத்திரை இடவேண்டுமென்று மத்திய அரசு 2025 அக்டோபரில் வரைவு விதிகளை வெளியிட்டது. வரவேற்கத்தக்கதே, எனினும், யோக்கியன் இடும் முத்திரையை மோசக்காரன் இடப்போவதில்லை என்பது ஒருபுறமிருக்க, மெய்யான பேச்சின்மேல் வீசப்படும் வீண் சந்தேகத்தை அது தடுக்கவும் செய்யாது.

அதைத் தடுக்கும் உபாயம் பழையதுதான். ஒரு வீடியோ வந்தவுடன் அது அசலா என்று ஆராயும் மென்பொருளைத் தேடி உட்காருவதைக் காட்டிலும், அதில் சொல்லப்பட்ட இடத்துக்கு ஒருவர் புறப்பட்டுப் போவது மேல். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பஸ் பயணம். கோயிலிலிருந்து பூஞ்சேரி இரண்டு மூன்று கிலோமீட்டர். அன்று பந்தியில் இருந்தவர் யார், பரிமாறியவர் யார், வாசலில் நின்றவர் யார் என்பதற்கு மனிதர்கள் சாட்சியாக இருக்கிறார்கள். நிருபர்களும் இந்தப் பழக்கத்தைச் சற்றே மறந்துவருகிறார்கள் என்பது நம் அபிப்பிராயம். நேரில் விசாரித்து அறிந்ததை, மெய்யோ பொய்யோ, இடமும் தேதியும் குறித்து, அதிகாரியின் கையொப்பத்துடன், புகார் பரவிய அதே ஊடகத்தில் மூன்று தினங்களுக்குள் வெளியிடும் வழக்கத்தைச் செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகமே தொடங்கிவைக்கலாம். பூஞ்சேரி அதன் எல்லைக்குள்தான் இருக்கிறது.