சுமை குறைந்ததா, தோள் மாறிற்றா?

மென்பொருள் ஆக்கும் முறையை எளிதாக்குதல் வேண்டும் என்னும் பேச்சு இக்காலத்தில் எங்கணும் எழுந்துள்ளது. கணிப்பொறி பயிலும் நம் தோழர்கள் அதனைப் பேசுதல் இயல்பே. தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய எமக்கு அதில் யாது உரிமை என வினவுவார் சிலர் இருத்தல் கூடும். அவர்கட்கு எம் விடை இது: மென்பொருளை ஆக்குவோர் சிலர், அதனால் நலனும் அல்லலும் எய்துவோர் நாம் அனைவரும். அன்றியும், தண்டையார்பேட்டையில் வாழ்வார்க்கு இப்பொருள் புதிதன்று. மென்பொருளார் எளிமைக்கு எடுத்தாளும் உவமை ஒன்று நம் சாலை வழியே நாள்தோறும் லாரியேறிச் செல்கின்றது.

அவ்வுவமை கன்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகமே. முற்காலத்தில் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என வெவ்வேறு வடிவுடைய பண்டங்களைத் தொழிலாளர் தலையிலும் முதுகிலும் சுமந்தனர். வண்டியினின்று கிடங்கிற்கும், கிடங்கினின்று கப்பலுக்கும் ஒரு பண்டம் பலர் கை மாறிற்று. 1956-ஆம் ஆண்டில் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளி, 58 பெட்டகங்களை ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் ஏற்றி நியூவார்க்கினின்று ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பின்னர்ப் பெட்டகத்தின் நீள அகலங்களும், பளுதூக்கி பற்றும் மூலைகளும் உலகிற்குப் பொதுவாக வரையறுக்கப்பட்டன. 20 அடி, 40 அடி என்னும் இரண்டு நீளங்களே பெரும்பான்மையும் வழங்கலாயின. உள்ளிருப்பது அரிசியா இயந்திரமா என்பது பளுதூக்கிக்கு வேண்டாத செய்தி ஆயிற்று. நம் சென்னைத் துறைமுகத்திலும் 1983-ஆம் ஆண்டில் பெட்டக முனையம் தொடங்கப்பெற்றது.

மென்பொருளாரும் இதனையொத்த இடரில் உழன்றனர். ஒருவர் எழுதிய நிரல் அவர்தம் பொறியில் செவ்வனே ஓடும். மற்றொருவர் பொறியில் ஓடாது. அந்நிரலுக்கு வேண்டிய துணைநிரல்கள் ஆங்கு இல்லாமையோ, வேறு பதிப்பினவாய் இருத்தலோ அதற்குக் காரணம். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டாக்கர்’ என்னும் கருவி, நிரலையும் அதற்கு வேண்டிய துணைகளையும் ஒரே பெட்டகமாகக் கட்டிப் பல பொறிகளிலும் ஒருபடித்தாய் ஓடச் செய்தது. டாக்கர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் துறைமுகத் தொழிலாளி என்பதே பொருள்.

தமிழும் இவ்வழியே நடந்து வந்ததன்றோ? கணிப்பொறியில் தமிழ் புகுந்த தொடக்க நாட்களில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்ற முறை இருந்தது. ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரையைப் பிறிதோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் ‘தமிழ் 99’ விசைப்பலகை வகுக்கப்பெற்றது. 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. இன்று ஒருவர் கைப்பேசியில் எழுதும் தமிழ் கடல் கடந்த ஊரிலும் தமிழாகவே தோன்றுகின்றது. ஆகவே, பலரும் ஓர் அளவுக்கு உடன்படுதலே எளிமையின் முதற்படி எனத் துணியலாம்.

இரண்டாம் படி, வேண்டாதவற்றை விலக்குதல். 1975-ஆம் ஆண்டிலேயே பிரெட் புரூக்ஸ் என்பார், காலந்தாழ்ந்த மென்பொருட் பணியில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாழும் என எடுத்துக்காட்டினார். ஆள் பெருகுந்தோறும் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டுவன பெருகுதலே காரணம். 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் 17 மென்பொருளார் கூடி ஓர் அறிக்கை விடுத்தனர். வேண்டாத வேலையைச் செய்யாது விடுதலும் ஒரு கலை என்பது அவர்தம் கொள்கைகளுள் ஒன்று. ஆனால் நிகழ்ந்தது யாது? அவ்வறிக்கையின் பெயராலேயே நாட்கூட்டமும், வாரக்கூட்டமும், புதிய பதவிப் பெயர்களும், விலைக்குக் கிடைக்கும் சான்றிதழ்களும் பெருகின. கருவிகளும் அவ்வாறே பெருகின. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்னும் பழமொழி இவர்க்கெனவே எழுந்தது போலும்!

நிற்க. எம் கருத்தின் உயிர்நிலை இனிக் கூறுவதே. பெட்டகம் துறைமுகத்தை எளிதாக்கிற்று என்றோம், யாருக்கு எளிதாக்கிற்று? கப்பலுக்கு எளிதாயிற்று. சுமை தூக்கியவர்க்கோ வேலை அருகிற்று. கப்பலில் மிஞ்சிய காலம் சாலையில் வந்து தேங்கிற்று. எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் வழியிலும் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்காகவும், சிற்சில காலங்களில் நாட்கணக்காகவும் வரிசையில் நின்றதை வடசென்னையார் நன்கறிவர். ஓட்டுநர் லாரியின் நிழலிலேயே உண்டு உறங்கினார். பள்ளிச் சிறுவர் அவ்வரிசைகளின் இடையே புகுந்து சாலையைக் கடந்தனர். கப்பலினின்று இறங்கிய சுமை மறைந்துவிடவில்லை. தோள் மாறிற்று, அவ்வளவே.

மென்பொருளிலும் இதுவே நிகழ்கின்றது. 2016-ஆம் ஆண்டில், 11 வரிகளே உடைய ஒரு துணைநிரலை அதனை எழுதியவர் பொதுக்களஞ்சியத்தினின்று நீக்கினார். உலகெங்கும் அதனைச் சார்ந்திருந்த மென்பொருட் பணிகள் பல தடைப்பட்டு நின்றன. அவ்வரிகளைத் தாமே எழுதுதலினும் பிறரிடம் பெறுதல் எளிதென்று ஒவ்வொருவரும் எண்ணினர். அவ்வெளிமையின் சுமை முழுதும் ஒரு தனிமனிதர் தோள்மேல் இருந்ததை எவரும் எண்ணிலர்.

இன்னும் அணித்தான சான்று வேண்டுமாயின், நாம் நிரப்பும் இணையப் படிவங்களை நோக்குக. தமிழர் பலர்க்குக் குடும்பப்பெயர் என்பதொன்றில்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே நம் பெயர்க்கு முன் நிற்பது. படிவம் ஆக்குவோர், பெயர் இரண்டு கூறாய் இருத்தல் தமக்கு எளிதென்று கருதிக் கடைப்பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்கி விடுகின்றனர். மாணாக்கர் ஒரு படிவத்தில் எழுத்தையும், மற்றொன்றில் தந்தையின் முழுப்பெயரையும் இடுகின்றனர். பின்னர் மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயருமாகி, உதவித்தொகைக்கும் வேலைக்கும் அலுவலகந்தோறும் அலைந்து திரிகின்றனர். ஆக்குவோர் ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தினர்; அதனை ஆயிரம் மாணாக்கர் தம் நாட்களால் ஈடு செய்கின்றனர். இதனை எளிமை என்று கூறுதல் தகுமோ?

சிலர், “எல்லார் வசதியையும் எண்ணிக்கொண்டிருப்பின் எப்பணியும் முடிவுறாது” என்பர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் யாம் வேண்டுவது மேலும் ஒரு கூட்டமோ, மேலும் ஓர் ஏடோ அன்று. ஒரு படியை நீக்குமுன் எழுப்பத்தக்க மூன்று வினாக்களே. இப்படி யாருக்காக வைக்கப்பட்டது? இதனை நீக்கின் அதன் வேலை யாரிடம் செல்லும்? அவர்க்கு அதனைச் செய்ய நேரமும் வாய்ப்பும் உண்டா? மூன்றாம் வினாவிற்கு ‘ஆம்’ எனும் விடை கிடைக்குமாயின், அல்லது அவ்வேலையே எவர்க்கும் வேண்டாததென்று தெளியுமாயின், தயங்காது நீக்குக. அல்லாதவழி, அது நீக்கமன்று, மாற்றமே.

நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் பலர் மென்பொருட் பணிக்குச் செல்கின்றனர். அவர்கள் பழைய மேல்வகுப்புத் தோழர்களும் அப்பணியிலேயே உயர்நிலையில் உள்ளனர். அவர்கட்கெல்லாம் எம் வேண்டுகோள் ஒன்றே. நீங்கள் ஆக்குவதை எளிதாக்குங்கள், கூட்டங்களைக் குறையுங்கள், கருவிகளைக் குறையுங்கள். ஆனால் அவ்வெளிமையை உங்கள் மேசையில் இருந்து அளவாதீர்கள். வரிசையின் கடைசியில் நிற்பவரிடம் சென்று அளந்து பாருங்கள்.