மூடிய பெட்டியும் நனைந்த தானியமும்

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5 பல நாடுகளில் 2020 நவம்பரில் வெளியானது. இந்தியாவில் அது முறையாக விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2ஆம் நாளில்தான். இடைப்பட்ட காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வேறு வழிகளில் வந்த பெட்டிகள், இங்கு நிர்ணயிக்கப்பட்ட 49,990 ரூபாயைவிட மிகக் கூடுதலான விலைக்கு விற்கப்பட்டன. பர்மாவிலிருந்து திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1969இல் உருவான சென்னை பர்மா பஜார் முதல் சிற்றூர்க் கடைகள் வரை, வெளிநாட்டுப் பொருள் வணிகத்தில் நம் சமுதாயத்தினர் பலர் உள்ளனர். எனவே இது நாம் பேச வேண்டிய செய்தி.

வெளிநாட்டுப் பொருளை வரவழைத்து விற்பதை நாம் குறை கூறவில்லை. நிறுவனங்கள் தாமதிக்கும்போது மக்களின் தேவையை வணிகர் நிறைவேற்றுகிறார். இலாபமும் ஹலாலானதே. ஆனால் வேற்று நாட்டுப் பெட்டிக்கு இங்கு உத்தரவாதம் செல்லாமல் போகலாம் என்பதை வாங்குபவரிடம் சொல்கிறோமா? "விலை குறைவு என்றால் அவருக்கே தெரியும்" என்பது பதிலாகாது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மழையில் நனைந்தது வணிகரின் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

கையில் இல்லாத சரக்கை விற்பதையும் நபியவர்கள் தடுத்தார்கள். பெட்டி எப்போது வரும் என்று தெரியாமலேயே முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு இளைஞரை அலைக்கழிப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இவை அனைத்தினும் நம்மை வருத்துவது 'குருவி'களின் நிலை. விற்பனைச் சரக்கைத் தம் பயணப்பொருள் என்று பொய்யுரைத்து, சிறு கூலிக்காகச் சுமந்து வருவோர் பெரும்பாலும் வறிய வீட்டுப் பிள்ளைகள். சுங்கத்துறையினர் பிடித்தால் வழக்கு அவர்கள்மீது. சரக்குக்கு உரியவரோ கடையில் நிம்மதியாக அமர்ந்திருப்பார். தம் பிள்ளையை அனுப்பத் துணியாத பயணத்திற்குப் பிறர் பிள்ளையை அனுப்புவது எவ்வகை நீதி?

சுங்க வரி செலுத்தி வரவழைப்போம், ரசீது கொடுப்போம், குறையை முதலில் சொல்வோம். இலாபம் சற்றுக் குறையலாம். பரக்கத் குறையாது, இன்ஷா அல்லாஹ்.