சைகை மொழிபெயர்ப்பாளர்களுக்கான பயிற்சிப் பட்டறைகள்: நிலைப்பாட்டு அறிக்கை

சைகை மொழிபெயர்ப்பாளர்களின் பணித்திறனை வளர்ப்பதற்காக நடத்தப்படும் பட்டறைகள் காது கேளாதவர்களையே பயிற்றுநர்களாகவும் மதிப்பீட்டாளர்களாகவும் கொண்டு பல மாதங்கள் தொடர்ந்து நடைபெற வேண்டும் என்பதும், ஒருநாள் அமர்வின் முடிவில் வருகைப் பதிவை மட்டும் வைத்துச் சான்றிதழ் வழங்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதும், பெங்களூர் நீலசந்திராவில் காது கேளாதோரும் மொழிபெயர்ப்பாளர்களும் சேர்ந்து நடத்திவரும் இந்தச் சங்கத்தின் நிலைப்பாடு ஆகும். இத்தகைய பட்டறைகளை ஏற்பாடு செய்யும் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் அரசுத் துறைகளும் இதற்கான காரணங்களை அறிந்துகொள்ளும் பொருட்டே இந்த அறிக்கை வெளியிடப்படுகிறது.

இந்திய சைகை மொழியைத் தமிழ்ச் சொற்களையோ ஆங்கிலச் சொற்களையோ கைகளால் காட்டும் ஒரு முறை என்று எண்ணுவோர் இன்னும் பலர். அதற்குத் தனக்கென இலக்கணம் உண்டு: 'யார்', 'என்ன', 'எங்கே' போன்ற வினாச்சொற்கள் வாக்கியத்தின் இறுதியில் வரும், ஆம் அல்லது இல்லை என்ற விடையை எதிர்பார்க்கும் கேள்வியைப் புருவ உயர்வு உணர்த்தும், ஒரு மனிதரையோ பொருளையோ கண்முன் உள்ள வெளியில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு அந்த இடத்தைச் சுட்டுவதே பிரதிப்பெயராக அமையும். 1970களின் இறுதியிலும் 1980களிலும், தாமே காது கேளாதவரான மதன் வசிஷ்டாவும் ஜேம்ஸ் உட்வர்ட் முதலிய மொழியியலாளர்களும் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களின் சைகைகளை ஆராய்ந்து, ஊருக்கு ஊர் சொற்கள் மாறினாலும் அவை நெருங்கிய உறவுடைய வழக்குகளே என்று காட்டினர். பெங்களூர் வழக்கு அப்போதே தனியாகப் பதிவு செய்யப்பட்டது என்பதை இந்நகரில் பயிற்சி நடத்துவோர் நினைவில் கொள்வது நல்லது.

இரு மொழிகளுக்கு இடையில் நிற்பவரின் பொறுப்பு எத்தகையது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். காது கேளாத பெண் ஒருவர் காவல் நிலையத்தில் தம் கணவரைப் பற்றி முறையிடுகிறார் என்று கொள்ளலாம். அவர் தம் வலப்புறத்தில் ஓரிடத்தைக் கணவருக்கென வைத்துக்கொண்டு, சொல்லச் சொல்ல அந்த இடத்தைச் சுட்டிக்கொண்டே போவார். அந்தச் சுட்டில் ஆண்பால், பெண்பால் என்ற பிரிவு இல்லை. மரியாதைப் பன்மையும் இல்லை. ஆனால் அதைத் தமிழில் சொல்பவர் 'அவன் வந்தான்' என்றோ 'அவர் வந்தார்' என்றோ ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டியிருக்கிறது. கன்னடத்தில் சொன்னாலும் இதே கட்டாயம்தான். முதலாவதில் வெறுப்புத் தொனிக்கும், இரண்டாவதில் பணிவோ அச்சமோ தொனிக்கும். அந்தப் பெண்ணின் முகத்தையும் சைகையின் வேகத்தையும் படிக்கத் தெரியாதவர் பழக்கத்தால் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டால், மொழிபெயர்ப்பாளரின் தொனி அந்தப் பெண்ணின் வாக்குமூலமாகப் பதிவேட்டில் ஏறிவிடும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு: சாட்சி ஒருவர் 'அடித்தானாம்' என்று சொல்லும்போது, பிறர் சொல்லக் கேட்டது என்ற பொருளைத் தரும் அந்த 'ஆம்' என்ற ஈற்றைத் தனிச் சைகையால் காட்டாமல் விட்டால், கேள்விப்பட்ட செய்தி கண்ணால் கண்ட செய்தியாகிவிடும். இத்தகைய நுட்பங்களைச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்து பெற முடியாது. பதிவு செய்த காணொலியைத் திரும்பத் திரும்பப் பார்த்து, காது கேளாத மூத்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து திருத்தும்போதே அவை கைவரும்.

நீலசந்திராவில் இந்தத் தேவை இன்னும் கூடுதலாக இருக்கிறது. வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் உருது, அலுவலகங்களில் கன்னடம், மருத்துவரின் சீட்டில் ஆங்கிலம் என்று ஒரே நாளில் நான்கு மொழிகளைக் கடந்து வாழ்பவர்கள் இங்கே உள்ளனர். சைகை செய்யும்போது உதடுகளும் சேர்ந்து அசையும். அந்த உதட்டசைவு தமிழ்ச் சொல்லுக்குரியதா, கன்னடச் சொல்லுக்குரியதா என்பது அவரவர் வளர்ந்த வீட்டையும் படித்த பள்ளியையும் பொறுத்தது. ஆங்கிலத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்படும் பட்டறைகள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று காட்டியது. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தில்லியில் 2015இல்தான் அமைக்கப்பட்டது. மொழிபெயர்ப்புக்கான இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும், 2021இல் 10,000 சொற்களாக விரிந்த அகராதியும் அதன் பாராட்டத்தக்க பணிகள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தன் 12ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிகளின் சாட்சியத்தையும் வாதத்தையும் அவர்கள் விரும்பும் மொழியிலும் தொடர்பு முறையிலும் பதிவு செய்ய வசதி செய்யுமாறு கூறுகிறது. அந்த வசதி என்பது நடைமுறையில் ஒரு மனிதர். அவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பதைப் பொறுத்தே சட்டம் தந்த உரிமையின் அளவும் அமைகிறது.

இதற்குச் சான்று இந்நகரிலேயே இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்திலும், 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றத்திலும் சைகை மொழிபெயர்ப்பாளர் வழியாக வாதிட்டார். சட்டத்தின் கலைச்சொற்கள் பலவற்றுக்கு நிலைபெற்ற சைகை இன்னும் இல்லை; 'முன்ஜாமீன்' என்ற ஒரு சொல்லைக்கூட, கைது செய்யப்படுவதற்கு முன்பே நீதிமன்றத்தை அணுகிப் பெறும் பாதுகாப்பு என்று விரித்துக் காட்ட வேண்டும், அதற்குள் எதிர்த்தரப்பு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குமேல் ஒருவரே தொடர்ந்தால் அவரே அறியாமல் பிழைகள் பெருகும் என்பதால், நீண்ட அமர்வுகளில் இருவர் மாறி மாறிப் பணிபுரிவதும் ஒருவர் சொல்லும்போது மற்றவர் துணைநிற்பதும் உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. இப்படி இணைந்து பணிபுரிவதும் பயிற்சியால் வருவதே.

பட்டயம் பெற்றதோடு கல்வி முடிந்துவிடுவதில்லை என்பதை மற்ற நாடுகள் விதியாகவே ஆக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் சைகை மொழிபெயர்ப்பாளர் பதிவகம் தன்னிடம் சான்று பெற்றவர்கள் நான்காண்டுக்கு 80 மணி நேரம் தொடர்கல்வி பயில வேண்டும் என்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலும் தன்னிடம் பதிவு செய்த பணியாளர்களுக்குத் தொடர் மறுவாழ்வுக் கல்வி என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஆயினும் மணிக்கணக்கு மட்டும் தரத்தை உறுதி செய்யாது. அந்த மணிகளில் யார் கற்பித்தார், யார் திருத்தினார் என்பதே முதன்மையான கேள்வி என்று இந்தச் சங்கம் கருதுகிறது.

இக்கேள்விக்கு வருந்தத்தக்க விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. காது கேட்கும் ஒருவர் மேடையில் விரிவுரை ஆற்ற, காது கேளாதவர் தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, சால்வையும் நினைவுப் பரிசும் பெற்றுக்கொண்டு அமர்ந்துவிடுகிறார். அந்த மொழியைத் தம் வாழ்நாள் முழுதும் பேசியவர் அவர்தான். எந்தச் சைகை தெளிவாக இருந்தது, எது குழப்பியது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதியும் அவருக்கே உண்டு. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து சிறுவயதிலிருந்தே சைகையில் வளர்ந்த, 'கோடா' எனப்படும் பிள்ளைகளின் இயல்பான புலமையை இந்தச் சங்கம் பெரிதும் மதிக்கிறது. எனினும் வீட்டு வழக்கு நீதிமன்றத்துக்கோ அறுவை சிகிச்சை ஒப்புதலுக்கோ போதாது என்பதை அவர்களே முன்வந்து சொல்கின்றனர்.

மொழிபெயர்ப்பாளர்களே போதாத நிலையில் தரத்தை இறுக்கினால் உள்ளவர்களும் விலகிவிடுவர் என்ற எதிர்வாதம் அக்கறையோடு சொல்லப்படுவதால், அதற்கு மதிப்பளித்து விடை கூற வேண்டும். அவர்கள் விலகுவதற்குத் தரம் காரணமாவதைவிடக் கூலி இழப்பே காரணமாகிறது. நாள்கணக்கில் சம்பாதிக்கும் ஒருவர் சனிக்கிழமைப் பட்டறைக்கு வந்தால் ஒருநாள் வருமானத்தை இழக்கிறார், அதற்குமேல் கட்டணமும் செலுத்துகிறார். ஆகவே பட்டறைக் கட்டணத்தை நடத்தும் நிறுவனமோ அரசுத் துறையோ ஏற்க வேண்டும். காது கேளாத பயிற்றுநருக்கு மற்ற பயிற்றுநருக்கு நிகரான ஊதியம் தர வேண்டும்.

ஒவ்வொரு பங்கேற்பாளரும் தம் பணியின் காணொலிப் பதிவைக் காது கேளாத மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெற்ற பின்னரே சான்றிதழ் வழங்கப்பட வேண்டும். வருகைப் பதிவேட்டை மட்டும் ஆதாரமாகக் கொண்ட எந்தச் சான்றிதழையும், காவல் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ நீதிமன்றத்துக்கோ ஒருவரை அனுப்புவதற்குரிய தகுதியாக இந்தச் சங்கம் ஏற்காது.