120 ரூபாய் பிடித்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. திருப்பூரில் கம்பெனி நடத்தும், காண்ட்ராக்ட் எடுக்கும் என் பழைய மாணவர்கள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மாணவனைப் பார்க்கப் போயிருந்தேன். மாணவன் என்றால் இப்போது நாற்பது வயது. பெயர் வேண்டாம். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம், வாரத்துக்கு 4,000 வரும். ஜனவரியில் இருமல் ஆரம்பித்திருக்கிறது. டானிக், ஊசி, எக்ஸ்ரே, ஸ்கேன், கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுக்கை. 46,000 ரூபாய் போன பிறகுதான் காசநோய் என்று தெரிந்திருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பீரோவில் இருந்தது. ஆனால் அவன் போன இரண்டு இடமும் அந்தத் திட்டத்தில் இல்லை.

இப்போது அரசு ஆஸ்பத்திரி மாத்திரை. ஆறு மாதமும் இலவசம். ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது (2024 நவம்பருக்கு முன்பு 500தான்). குறை சொல்ல எதுவும் இல்லை, உடம்பும் தேறி வருகிறது. ஆனால் நாலு மாதமாக மெஷினில் உட்கார முடியவில்லை. வாடகை, மளிகை, குழுக்கடன் எதுவும் நிற்கவில்லை. மனைவியின் சங்கிலி அடகில் இருக்கிறது. பத்தாவது பாஸ் ஆன பெண் பிளஸ் ஒன் சேராமல் செக்கிங் வேலைக்குப் போகிறாள். நான் போனபோது அவள் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

"இஎஸ்ஐ இல்லையாடா?" என்று கேட்டேன்.

"அது வேண்டாம்னு நான்தானுங்க சார் சொன்னேன். சம்பளத்துல புடிப்பாங்கன்னாங்க."

எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை. அங்கேயே ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். மாதம் 16,000 என்றால் 120 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 520 ரூபாய். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது உண்டு. வைத்தியம் இலவசம் என்பது பலருக்கும் தெரியும். படுத்திருக்கும்போது சம்பளத்தில் பெரும்பகுதி கிடைக்கும் என்பதுதான் தெரிவதில்லை. சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதம். காசநோய், புற்றுநோய் மாதிரி நீண்ட நோய்களுக்கு, இரண்டு வருடம் இஎஸ்ஐயில் இருந்து சந்தாவும் ஒழுங்காகக் கட்டியவர் என்றால், அந்த 91 நாள் முடிந்த பிறகு 80 சதவீதம். இவனுக்கு முதல் மூன்று மாதம் 11,200 வீதம், அதன் பிறகு மாதம் 12,800. நாலு மாதத்துக்குச் சுமார் 46,400. அந்த 46,000 செலவும் வந்திருக்காது.

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் எட்டாம் வகுப்பில் இவனுக்குச் சதவீதம் நடத்தியதே நான்தான். லாபம், நட்டம், தள்ளுபடி, தனிவட்டி எல்லாம் போட்டோம். மாம்பழ வியாபாரி நூறு பழம் வாங்கிப் பத்து அழுகிப்போன கணக்கை நூறு தடவை போட்டிருப்போம். ஒரே ஒரு நாள் ஒரு சம்பளச் சீட்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இதில் எது எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அந்த வகுப்பில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குத்தான் போகப் போகிறார்கள் என்று எனக்கு அன்றே தெரியும்.

1996இல் எனக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்திருந்தேன். மருத்துவ விடுப்பு. பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை, சம்பளம் வந்தது. அதை யாரும் சலுகை என்று சொல்லவில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை.

இவனுக்கு வேலை கொடுத்த காண்ட்ராக்டரும் என் மாணவன்தான். அதே வகுப்பு, அதே பெஞ்ச். கெட்டவன் இல்லை, இவனுக்கு 5,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். போன் செய்தேன். "பிடிச்சா அடுத்த கம்பெனிக்கு ஓடிர்றாங்க சார். பீஸ் ரேட்டுக்கு யாருங்க இஎஸ்ஐ போடறாங்க?" என்றான்.

ஓடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பீஸ் ரேட் ஆளுக்கு இஎஸ்ஐ கிடையாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் போட்டாக வேண்டும். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு கம்பெனிக்கு வரும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கும் கிடையாது. "ஆளே வேண்டாங்கறான்" என்பதைப் பதிலாக ஏற்க முடியாது. 120 ரூபாயை மிச்சம் பிடித்தவன் டெய்லர், 520 ரூபாயை மிச்சம் பிடித்தவன் யார் என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

கம்பெனியில் பேசிவிட்டு, தன்னிடம் இருக்கும் 14 பேரையும் பதிவு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். இவன் மறுபடி மெஷினுக்கு வரும்போது இவனையும். நான் விடப்போவதில்லை. அடுத்த மாதம் நேரில் போய் இஎஸ்ஐ நம்பர் வந்ததா என்று ஒவ்வொருவரையும் கேட்பேன்.

பெண்ணின் விஷயம் அவசரம். பிளஸ் ஒன்னுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் சொன்னார். திங்கட்கிழமை மாற்றுச் சான்றிதழோடு வரச் சொல்லியிருக்கிறேன். வாடகைக்கு நாலைந்து பேர் சேர்ந்து இரண்டு மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அவனோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டியில் வாருங்கள். இங்கே பெயர் கேட்காதீர்கள்.