ஓடுதளத்துக்குத் திரும்பும் ஆசை

2023 அக்டோபர் 1 அன்று, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லேக் பிளாசிட் விமான நிலையத்திலிருந்து செஸ்னா கார்டினல் என்ற சிறு விமானம் கிளம்பியது. மேலேறிய சற்று நேரத்திலேயே கோளாறு. நிலையத்துக்கே திரும்ப முயன்ற விமானம் ஓடுதளத்தை எட்டாமல் விழுந்தது. இருந்த இருவரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் மெக்ஸ்பேடன். அமெரிக்க விமானப் படையின் தண்டர்பேர்ட்ஸ் சாகசக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். சிறு விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கத்தின் பாதுகாப்புப் பிரிவை நடத்தியவர். விபத்துகளை அலசி மற்ற விமானிகளுக்குப் பாடம் சொல்லிவந்தவர். அவர் இருந்த விமானத்துக்கே இந்தக் கதி என்றால், விடுமுறை நாளில் மட்டும் பறப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியுமா?

எஞ்சின் நிற்பதால் மட்டும் உயிர் போவதில்லை. செஸ்னா 172 என்ற சிறு விமானம் எஞ்சின் நின்றாலும் ஆயிரம் அடி உயரத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிச் செல்லும். கொல்வது, ஓடுதளத்துக்குத் திரும்புவதற்காகத் தாழ்ந்த உயரத்தில் போடும் அந்தத் திருப்பம்தான். விமானத்தை 45 டிகிரி சாய்த்தால், இறக்கை காற்றைப் பிடித்து நிற்கத் தேவையான வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். எஞ்சின் இல்லாத விமானம் அந்த வேகத்துக்கு எங்கே போகும்? மூக்கைக் கீழே இறக்கித்தான் பெற வேண்டும். அதற்கு உயரம் இருக்காது. 2015 மார்ச்சில் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு சான்டா மோனிகாவில் கிளம்பியதும் எஞ்சின் சக்தி இழந்தது. திரும்ப நினைத்தவர், முடியாது என்று தெரிந்ததும் கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். பலத்த காயம், ஆனால் பிழைத்தார். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள், எரிபொருளை அளந்து விடும் ‘ஜெட்’ என்ற சிறு பாகம் கழன்றிருந்ததுதான் காரணம்.

இப்படிக் கழல்வது அபூர்வம். எஞ்சின் நிற்பதற்கான காரணங்களில் வெட்கப்பட வேண்டியது எரிபொருள் விஷயம். 2011 முதல் 2015 வரை, எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்ததாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எச்சரித்தது. அந்த விமானிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வணிக விமானி உரிமமோ அதற்கும் மேலானதோ பெற்றவர்கள். மாணவர்கள் 2 சதவீதமே. மாணவன் பயத்தில் டேங்க்கைத் திறந்து பார்க்கிறான் போலும். அனுபவசாலி மீட்டரை நம்பிக் கிளம்பிவிடுகிறார்.

கார்புரேட்டரில் பனி படிவது இன்னொரு ஆபத்து. குளிர்நாட்டுச் சமாசாரம் என்று நம் பயிற்சிப் பள்ளிகள் ஒதுக்கிவிடக் கூடாது. எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே வெப்பநிலை சட்டென்று இறங்குவதால், வெளியே 38 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், காற்றில் ஈரப்பதம் 50 சதவீதமே ஆனாலும், பனி படியலாம். சென்னைக் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

அமெரிக்க விமானிகள் 24 மாதங்களுக்கு ஒருமுறை பயிற்றுநரிடம் பறக்கும் திறனை மறுசோதனைக்கு உட்படுத்த வேண்டும்: ஒரு மணி நேரம் தரையில், ஒரு மணி நேரம் வானில். அந்த வானத்து ஒரு மணியில் எதைச் செய்து காட்டச் சொல்வது என்பது பெரும்பாலும் பயிற்றுநரின் விருப்பம். கிளம்பியதும் எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்ற ஒத்திகை இல்லாமலே ஒருவர் தேறிவிட முடியும். இந்த ஓட்டையை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இனியும் விட்டுவைக்கக் கூடாது. எந்த உயரத்துக்குக் கீழே திரும்பக் கூடாது, எந்த வயலில் இறங்குவது என்று த்ராட்டிலைத் தள்ளுவதற்கு முன்பே விமானி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒத்திகையைச் செய்து காட்டாதவருக்குப் பயிற்றுநர் கையெழுத்துப் போடக் கூடாது.