அணிலின் ரோமம் எங்கிருந்து வந்தது?

நீங்கள் அணிலைப் படம் எடுத்ததுண்டா? எடுத்திருந்தால் அந்தத் தொல்லை உங்களுக்குத் தெரியும். கொய்யா மரத்தடியில் அரை மணி நேரம் மூச்சடக்கிக் காத்திருப்போம். அணில் வந்ததும் செல்பேசியை உயர்த்துவோம். படத்தில் விழுவதோ வாலின் நுனி மட்டும்!

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் ஒளிப்படப் போட்டிக்கு நாங்கள் மூவர் நடுவர்களாக இருந்தோம். கடைசியில் மிஞ்சியவை இரண்டு அணில் படங்கள். ஒன்று சற்று மங்கல். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். எடுத்த நாள், நேரம், மரத்துக்கும் தனக்கும் இடையே இருந்த தூரம் எல்லாவற்றையும் ஒரு மாணவி கீழே பென்சிலால் எழுதியிருந்தாள். மற்றொன்றில் அணில் பொன்னிறமாக மின்னியது. ரோமங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. பொன்னிற அணிலுக்கு முதல் பரிசு என்று எழுதினோம், நானும் கையெழுத்திட்டேன்.

பரிசு வாங்க வந்த பையனிடம், "எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தாய், தம்பி?" என்று கேட்டேன். "மொட்டை மாடியிலிருந்து சார். அணில் எதிர்த் தென்னையில் இருந்தது. பத்து மீட்டர் இருக்கும். அப்புறம் செல்பேசியில் படத்தைத் தெளிவாக்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினேன்" என்றான். எதையும் மறைக்கவில்லை. பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. இயற்பியல் கற்பிக்கிற நான், ஒரு சிறு கணக்கைப் போடாமல் கையெழுத்திட்டுவிட்டேன்.

அந்தக் கணக்கை நீங்களே போடலாம். ஒளி அலையாகச் செல்வதால், சிறிய துளை வழியே நுழையும்போது சற்று விரிகிறது. எனவே மிக நெருங்கிய இரண்டு புள்ளிகள் படத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். இதற்கான எல்லையை ராலே 1879-இல் வகுத்துக் கொடுத்தார். ஒளியின் அலைநீளத்தை 1.22 ஆல் பெருக்கி, துளையின் விட்டத்தால் வகுத்து, பொருளின் தூரத்தால் பெருக்குங்கள். பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மில்லிமீட்டர். செல்பேசி லென்சின் திறப்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். தூரம் 10,000 மில்லிமீட்டர். விடை 2.2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதைவிட நெருங்கிய இரண்டு கோடுகளை அந்த லென்ஸ் பிரித்துக் காட்டாது. அணிலின் ரோமமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது.

அப்படியானால் படத்தில் நாங்கள் கண்ட ரோமம் எங்கிருந்து வந்தது? தென்னையில் இருந்த அணிலிடமிருந்து வரவில்லை. வேறு ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட மென்பொருள், "இங்கே ரோமம் இருந்தால் இப்படித்தான் இருக்கும்" என்று ஊகித்து வரைந்தது அது.

"அப்படியென்றால் படத்தைத் திருத்தவே கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திருத்தாத வண்ணப்படம் என்று ஒன்று நம் செல்பேசியிலிருந்து வெளிவருவதே இல்லை. உணர்வியில் உள்ள நுண்கட்டங்களுக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு வண்ண வடிகட்டி இருக்கும். வழக்கமான அமைப்பில் பாதிக் கட்டங்களுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு கட்டமும் ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் கணக்கிடப்படுபவை. படத்தின் நிற அளவுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்தான்! ஆனால் அந்த ஊகத்துக்கு ஆதாரம் அதே அணிலிடமிருந்து, அதே கணத்தில் வந்த ஒளி. இந்த வேறுபாட்டைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

நிறத்தைச் சரிசெய்வதும் இப்படியே. மர நிழலில் நேர் வெயில் விழாது. நீல வானத்தின் ஒளியும் இலைகளில் பட்டு வரும் பச்சை ஒளியும்தான் விழும். படத்தில் அணில் நோயாளிபோல் தோன்றும். அணில் போனபின் அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படமெடுங்கள். தாளில் நீலம் எவ்வளவு கூடியிருக்கிறதோ, அணில் படத்திலும் அதே விகிதத்தில் குறையுங்கள். இது நேர்மையான திருத்தம். அணிலைப் பொன்னாக்குவது வேறு காரியம்.

கூர்மையாக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். கருமையும் வெண்மையும் சந்திக்கும் விளிம்பில், கருமையை இன்னும் கருமையாக்கி வெண்மையை இன்னும் வெண்மையாக்குவதே அதன் தந்திரம். நம் கண்ணும் இதைச் செய்கிறது என்று எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் விளக்கினார். அளவு மீறினால் விளிம்பை ஒட்டி, இல்லாத வெள்ளைக் கோடு முளைக்கும். அணிலுக்கு இது விளையாட்டல்ல. நம் வீட்டு மரங்களில் ஓடும் அணிலுக்கு முதுகில் 3 கோடுகள் (இராமர் தடவியதால் வந்தவை என்று பாட்டி சொல்வாரே, அவைதாம்). வட இந்தியாவில் பரவலாக உள்ள இனத்துக்கு 5. கோடுகளை எண்ணித்தான் இரண்டையும் பிரித்தறிகிறோம். உங்கள் ஊரில் எடுத்த படத்தில் கூடுதலாக ஒரு கோடு முளைத்து, அதை நம்பி ஒருவர் பதிவேட்டில் குறித்துவிட்டால்?

மாணவியின் படத்தில் ரோமம் தெரியவில்லை. 3 கோடுகள் தெரிந்தன. அந்த லென்சும் அந்தத் தூரமும் தரக்கூடியது அவ்வளவுதான். அதை அவள் அப்படியே தந்திருந்தாள். அந்தப் பள்ளிக்கு நான் கடிதம் எழுதினேன். பையனின் பரிசைப் பறிக்கச் சொல்லவில்லை, தவறு நடுவர்களுடையது. அடுத்த முறை முதலில் எடுத்த படம், திருத்திய படம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள், என்னென்ன திருத்தம் செய்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இன்னும் பதில் வரவில்லை.

உண்மையான ரோமம் வேண்டுமென்றால் சூத்திரத்தில் நம் கைக்கு எட்டுவது தூரம் ஒன்றுதான். 10 மீட்டரை 1 மீட்டராக்குங்கள், 2.2 மில்லிமீட்டர் 0.22 ஆகிவிடும். அப்போதும் தனி ரோமம் முழுதாகப் பிரியாது. ஆனால் ரோமக் கற்றைகள் நன்றாகவே தெரியும். சமையலறைச் சன்னல் திட்டில் தினமும் ஒரே நேரத்தில் ஒரு பிடி சோறு வையுங்கள். முதல் சில நாட்கள் காகம்தான் வரும். பொறுத்திருங்கள்.